முன்னூறு டிகிரித் தட்டில் ஒரு பொட்டு

நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு கம்ப்ரசர் ஹெட் வெடித்து, பெருந்துறையில் லாரி டயர்க் கடையில் வேலை பார்த்தவருக்கு வலது கண் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற விஷயங்களில் எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இந்த ஒன்றை மட்டும் நான்கு வருடம் சுற்றி வளைத்தேன்.

கோயமுத்தூருக்கு வடக்கே ஓர் அலுமினிய வார்ப்பாலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். உலோகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்கிறேன். வார்ப்பாலையில் எனக்கு முன்கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கோபப்படுகிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்ப்ரசர் ஹெட் என்பது காற்றை அழுத்தும் சிலிண்டரின் மேல்மூடி. காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூடு முழுவதும் நாள் பூராவும் அந்த மூடியின் தலையில்தான் இறங்கும். நாங்கள் அதைச் செம்பு கலந்த அலுமினியத்தில் வார்த்தோம். இந்தக் கலவைக்குப் பலம் வார்க்கும்போதே வந்துவிடாது. உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே வரை மணிக்கணக்கில் சூடேற்றி, செம்பை அலுமினியத்துக்குள் கரைய வைத்து, சட்டென்று வெந்நீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் கரைந்த செம்பு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக உள்ளுக்குள் பிரிந்து நிற்கும். அந்தத் தகடுகள்தான் உலோகத்தை வளையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக சில நொடிகள் தாமதமானாலும் பலம் குறையும்.

அன்று தாமதமாயிற்று. ஹெட்டுகள் இருந்த கூடையைத் தூக்கிய ஹாய்ஸ்ட் பாதி வழியில் சிக்கி நின்றது. அடுப்பைக் கவனிக்கும் பாய் ஓடிவந்து, "கூடை கொஞ்சம் மாட்டிக்கிச்சுங்க மேடம். அப்பறம்தான் தண்ணிக்குள்ள போச்சுங்க" என்றார். அவர் உக்கடம் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுப்புப் பகுதியில் இருப்பவர். நானும் அவரும் சேர்ந்தே கடினத்தன்மை பார்த்தோம். எஃகு உருண்டையை ஹெட்டின்மேல் அழுத்தி, பதிந்த பள்ளத்தை லென்ஸ் வழியாக அளந்து, எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் அவர் எழுதினார். இருக்க வேண்டியதைவிட இரண்டு புள்ளி குறைவு.

திரும்பவும் சூடேற்றித் தண்ணீரில் இறக்கியிருந்தால் சரியாகியிருக்கும். இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். ஆனால் கேட்டில் லாரி நின்றது. வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்தவர் என் அறை வாசலில் நின்றபடி, "ஆச்சுங்களா? ஏனுங்க, ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் தாமதம் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். இரண்டு புள்ளிதானே, ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, படிவத்தில் இரண்டைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் பக்கத்தில் நின்றிருந்தார். துண்டுச் சீட்டை நான் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்துத்தான் அந்த ஹெட் வெடித்தது. விசாரிக்க வந்தவர்கள் முதலில் என் படிவத்தை வாங்கிப் பார்த்தார்கள். உலோகம் சரியாக இருக்கிறது என்று அது சொன்னது. உலோகம் சரி என்றால் தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் காற்றைத் தானாக வெளியே விடும் சேஃப்டி வால்வு அடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதைக் கண் போனவர் சோதித்துப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். "காலைல இழுத்துப் பாத்தனுங்க" என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொன்னாராம். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இதையெல்லாம் நான் எங்கள் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

அதற்குப் பிறகுதான் புதுக் கலவையில் இறங்கினேன். வார்ப்பாலையில் என்னைப் பாராட்டினார்கள். இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்றார்கள். அது ஆர்வம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பழைய கலவையின் சிக்கல் என் இரண்டு புள்ளியோடு முடியவில்லை. சரியாகச் சூடேற்றி, சரியாகத் தண்ணீரில் இறக்கியிருந்தாலும், நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் அது தளர்ந்துபோகும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் சூட்டில் ஒன்றையொன்று தின்று தடிக்கும். உருக்கிய நெய் மெல்ல ஆறும்போது மணல்மணலாகத் திரளுமே, அதுமாதிரி. எண்ணிக்கை குறைந்து, இடைவெளி கூடி, பிடிப்பு போய்விடும். மாங்கனீசும் சிர்கோனியமும் கொஞ்சம் சேர்த்தால், அவை தகடுகளின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும் என்று படித்திருந்தேன். படிப்பது சுலபம். சிர்கோனியம் லேசில் கரையாது. உலோகம் உருக்கும் மூசையின் அடியில் சேறாகப் படிந்து கிடக்கும். கரைய வைக்கச் சூட்டைக் கூட்டினால் அலுமினியம் வாயுவைக் குடித்து வார்ப்பு முழுக்க ஊசித் துளையாகும். அதையும் சமாளித்தால் அச்சுக்குள் உறையும்போதே மூலைகளில் கிழிந்தது. மூன்று வருடத்தில் எத்தனை வார்ப்புகளைத் திரும்ப மூசைக்கே அனுப்பினேன் என்று எனக்குத்தான் தெரியும். பாய் சலித்துக்கொண்டதே இல்லை. "அடுத்தது நல்லா வருமுங்க மேடம்" என்பார். அதே வார்த்தை, அதே குரல். சில நாள் அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருவழியாகக் கிழியாத வார்ப்பு கிடைத்தது. அது சூட்டைத் தாங்குகிறதா என்று பார்க்க, துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி, சிறிய மின்னடுப்பில் முன்னூறு டிகிரியில் இருநூறு மணி நேரம் விடாமல் வைக்க வேண்டும். எட்டு நாளுக்குக் கொஞ்சம் மேல். சூட்டைத் தானாகப் பதிந்துகொள்ளும் ரெக்கார்டர் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை கையால் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இடையில் ஆயுத பூஜை வந்தது. பூஜை போட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குப் போகும் அந்த நாட்களில் அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டேன். "நான் இருக்கறனுங்க" என்றார் பாய். பூஜைக்குக்கூட நிற்காமல் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

எட்டு நாள் முடிந்து துண்டுகளை எடுத்து அளந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பழைய கலவை பாதியாய்த் தளர்ந்துபோகும் சூட்டில் இது அப்படியே நின்றது. அன்று நான் வேலைநேரத்தில் அழுதேன். முதலாளி வந்து கைகூப்பினார். வாங்குகிற கம்பெனிக்கு அன்றே எழுதி அனுப்பினோம். இனி யாருக்கும் கண் போகாது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குப் பின்னால் இன்னொரு நினைப்பும் இருந்தது. இனி அந்தப் பழைய சீட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று.

பத்து நாள் கழித்து, அடுத்த சோதனைக்காக அந்தத் தட்டைக் கழுவ எடுத்தேன். தட்டின் ஓரத்தில் வட்டமாக ஒரு கரிந்த கறை. சுரண்டப் போனவள் நிறுத்தி, லென்ஸில் வைத்துப் பார்த்தேன். சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் கருகிய கறுப்பு. சந்தனத்தில் விரல் ரேகைகூடப் பதிந்து அப்படியே காய்ந்து கரிந்திருந்தது.

முன்னூறு டிகிரியில் இருக்கும் தட்டில் யாராலும் விரல் வைக்க முடியாது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, கழுவி, பொட்டு வைப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியும் வரை ஓட்ட மாட்டார்கள். ஆக, அடுப்பு ஆறி, ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்திருக்கிறது. பதிவேட்டைப் பிரித்தேன். பூஜையன்றும் இரண்டு மணிக்கு ஒருமுறை முன்னூறு, முன்னூறு, முன்னூறு என்று பாயின் அழகான கையெழுத்து.

அடுப்புப் பகுதிக்குப் போய், பத்துப் பேர் பார்க்க, தட்டை அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"இது என்னங்க பாய்?"

அவர் பார்த்தார். "நான்தானுங்க வெச்சேன்" என்றார்.

"நிறுத்துன அடுப்புக்கு முன்னூறுன்னு எழுதியிருக்கீங்களே! இதை நம்பி நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு யாருக்கோ கண்ணு போயிருமுங்க! தெரியுமா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தெரியுமுங்க மேடம். அன்னிக்கு நான் பக்கத்துலதானுங்க நின்னேன்" என்றார்.

என் கையிலிருந்த தட்டு கனத்தது. மிரட்டுகிற தொனி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சுற்றி நின்றவர்களைப் போகச் சொன்னேன். அவரை என் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். உட்கார மாட்டேன் என்று நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "போன வருசமும் ஒரு சோதனை ஓடிட்டிருந்துச்சுங்க. இந்த அடுப்பு மட்டும் பொட்டு இல்லாம இருந்துச்சு. பாய் அடுப்புக்குச் சாமி ஆகாதுங்களான்னு ஒருத்தர் கேட்டாருங்க. எல்லாரும் சிரிச்சாங்க" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. நானும் சிரித்தேன். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுதானுங்க. ஆனா இந்த வருசமும் அப்படியே உட்டா நல்லா இருக்காதுன்னு தோணுச்சுங்க. நிறுத்த முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்ல வரலீங்க. நிறுத்திப்போட்டேன்னு உங்ககிட்டச் சொன்னா, பூஜையப் பத்திக் கொற சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அதான் எழுதிப்போட்டேன். வேற யாரும் வெக்கறதுக்கு முன்னாடி நானே கதவைத் தெறந்து தட்டுல சந்தனத்தைத் தொட்டு வெச்சனுங்க."

ஒருவரைச் சிரித்துக்கொண்டே ஒரு மூலையில் தள்ளியிருக்கிறோம். அவர் அங்கே நின்று எங்கள் எல்லோருக்கும் மரியாதை செய்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று பாக்கி இருந்தது.

"அன்னிக்கு நான் மாத்தி எழுதினப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க பயந்துட்டீங்கன்னு நெனச்சனுங்க. பயந்தவங்களைப் போய் என்னன்னு கேக்கறதுங்க?" என்றார். பிறகு, "பேப்பர் போட்டுட்டுப் போயிரட்டுமுங்களா?" என்று கேட்டார்.

"போகவேண்டாம்" என்றேன். "சோதனையை மறுபடி முதல்ல இருந்து ஓட்டணும். நீங்க இல்லாம எப்படி ஓட்டறது?"

முதலாளியிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். அடுப்பு நின்றதைச் சொன்னபோது முகம் வாடினாலும், கம்பெனிக்கு எழுதிவிடலாம் என்று ஒத்துக்கொண்டார். பாய்மேல் கோபப்படவில்லை. பழைய துண்டுச் சீட்டை மேஜைமேல் வைத்தபோதுதான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "முடிஞ்சு போனதை எதுக்குங்க கெளர்றீங்க? ரெண்டு புள்ளியிலயா வெடிச்சிருக்கும்?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். அவர் கேட்டது நியாயமான கேள்வியும்கூட. அந்த இரண்டு புள்ளியால்தான் வெடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. "அது தெரியாதுங்க. ஆனா கண்ணு போனவரு மேல தப்புன்னு முடிவு கட்டுனது என் படிவத்தை வெச்சுத்தானுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசிக்கலாம் என்றார். யோசிக்க எனக்கு நான்கு வருடம் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை இருநூறு மணி நேரமும் அடுப்பு நிற்கவில்லை. ரெக்கார்டரும் வந்து சேர்ந்திருந்தது. ஆனாலும் நானும் பாயும் மாற்றி மாற்றிப் போய்க் கையால் எழுதினோம். முடிவில் அளந்து பார்த்தால், முதல் சோதனைக்கும் இதற்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கலவை தாங்கியது. பாய் எண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முதல் முடிவை அப்படியே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று கேட்டில் லாரி நின்றபோது நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் இதே வார்த்தைதான். அந்த எண்ணை உள்ளபடி எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். துண்டுச் சீட்டு கைப்பையில் இருந்தது. நானும் வாரேன் என்று பாய் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். பெருந்துறையில் இறங்கி விசாரித்தேன். தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், வீட்டு முன்னாலேயே தகரம் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது இமை மூடித் தைத்திருந்தது. காற்றடிக்கக் கம்ப்ரசர் வைத்திருக்கவில்லை. காலால் மிதிக்கும் பம்பு ஒன்று சுவரோரம் கிடந்தது.

யார் என்று சொன்னேன். வண்டியா, பஞ்சரா என்று கேட்கப் போனவர், கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். கூடை சிக்கியது, இரண்டு புள்ளி குறைந்தது, நான் மாற்றி எழுதியது, அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் உலோகத்தில் குற்றம் இல்லை என்றார்கள் என்பது, எல்லாம். வெடித்தது அதனால்தான் என்று எனக்கு நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன். சீட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். பென்சில் எழுத்து மங்கியிருந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அன்னிக்குக் காலைல வால்வு வளையத்தை இழுத்துப் பாத்தனுங்க" என்றார். "புஸ்ஸுன்னு காத்து வந்துச்சுங்க. எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் நம்பலீங்க. ஊட்லயும் நம்பல. வருசம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. இழுத்தது அன்னிக்கா, மொத நாளான்னு. படுத்தா அதேதானுங்க நெனப்பு."

"நீங்க இழுத்திருப்பீங்க. எனக்கு அதுல சந்தேகம் இல்லீங்க" என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். "அம்மணி! கைவேலைய உட்டுப்போட்டு இங்க வா."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவர் மனைவி வந்தார். என்னைப் பார்த்தார். கணவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். என்ன ஏது என்று தெரியாமல் நிலைப்படி ஓரம் நின்றார்.

அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்: "இன்னொருக்கா சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

நான் முதலிலிருந்து சொன்னேன்.